நாலு ஓட்டை

எனக்கு வயிற்றில் ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு. என் ஓரகத்தி கிருபாவுக்கு நாலே நாலு ஓட்டை. இரண்டு பேருக்கும் எடுத்தது ஒன்றுதான், கல் கட்டிய பித்தப்பை. எனக்கு வயிறு எரியாதா? எரிந்தது. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது!

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் என்னை அறுத்தபோது பத்து நாள் ஆஸ்பத்திரி, மூன்று மாதம் வீடு. அந்த வருஷத்து உப்பள வேலையே எனக்கு இல்லாமல் போனது. இவளுக்கோ வயிற்றில் காற்றடித்து உப்ப வைத்து, தொப்புள் வழியாகக் கேமராவை விட்டு, டிவியில் பார்த்துக்கொண்டே எடுத்துவிட்டார்களாம். மறுநாளே டிஸ்சார்ஜ். தோள்பட்டை வலிக்கிறது என்றாள். உள்ளே அடித்த காற்றால் வருவது, இரண்டு மூன்று நாளில் போய்விடும் என்றாள் நர்ஸ். அவ்வளவுதான் அந்த மகராசி பட்ட பாடு!

துணைக்கு இருந்தவள் நான். அவள் புடவை மாற்றப் போயிருந்த நேரம் டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"எனக்கு மட்டும் ஏன் சார் இப்படிக் கிழிச்சாங்க?" முதலில் அதைத்தான் கேட்டேன்.

"உங்களுக்கு அப்ப சீழ் புடிச்சி ஒட்டிக்கிட்டு இருந்திருக்கும்மா. ரொம்ப ஒட்டியிருந்தா இன்னிக்கும் சில பேருக்குத் திறந்துதான் எடுக்குறோம். இவங்களுக்கு வெளியதான் சின்ன காயம், உள்ள ஆறணும். ஒன்றரை மாசம் வெயிட் தூக்கக் கூடாது. தொப்புள் ஓட்டை வழியா குடல் பிதுங்கிடும். சொல்லிடுங்க."

சீட்டில் எல்லாம் இங்கிலீஷ். நான் சொன்னால்தான் அவளுக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

அதோடு விட்டேனா? "நாலு ஓட்டைக்கு எத்தினி நாள்டி படுப்ப?" என்று தெருவே கேட்கக் கேட்டேன். பன்னிரண்டாம் நாள் உப்பளத்துக்கு வந்து நின்றாள்.

எங்கள் அளத்தில் ஜோடி போட்டுத்தான் சுமப்போம். ஈர உப்பு நிறைந்த கூடையை ஒருத்தியாகத் தலைக்கு ஏற்ற முடியாது. ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்க வேண்டும். கிருபாவுக்கு ஜோடி நான்தான்.

குனிந்து பிடித்தோம். கூடை இடுப்பு உயரம் வந்ததும் அவள் முகம் வெளுத்துப்போனது. பல்லைக் கடித்துக்கொண்டு, "தூக்குங்கக்கா" என்றாள்.

ஐயோ மாதாவே! கூடையைக் கீழே தள்ளிவிட்டேன். உப்பு பாத்தியில் கொட்டியது. மேஸ்திரி கத்தினார்.

"தூக்காதடி! ஒன்றரை மாசத்துக்குத் தூக்கவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு!"

"எப்பக்கா சொன்னாரு?"

"அன்னிக்கே."

கிருபா வரப்பில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். என் தழும்பு, என் மூன்று மாதம், எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன.

"உங்க ஆபரேஷன் அப்ப டாக்டர் என்கிட்டதான் சொன்னாரு," என்றாள். "மூணாவது வாரமே உங்கள வேலைக்குக் கூப்பிட மேஸ்திரி வந்தாரு. அக்கா கூடையத் தொடக் கூடாதுன்னு வாசல்லயே மறிச்சி சண்ட போட்டு அனுப்பினேன். நீங்க தூங்கிட்டு இருந்தீங்க."

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. அவள் எழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

கொட்டிய உப்பை அள்ளி மறுபடியும் கூடையை நிரப்பினேன். குனிந்து ஒரு பக்கம் பிடித்தேன். மறுபக்கம் பிடிக்க ஆள் இல்லை.