தட்டைக் குண்டு

வெள்ளம் வடிந்ததும் மூன்றாம் தூணருகே ஆற்றின் தரையை அளந்தோம். பதினொன்று புள்ளி இரண்டு மீட்டர். வெள்ளத்துக்கு முன்னால் அளந்தபோதும் அதே எண்தான். மேற்பார்வையாளர் தூக்கமில்லாத கண்களைத் துடைத்துக்கொண்டு, "அப்பாடா" என்றார். நான் வழக்கம்போல இன்னொரு தடவை அளக்கலாமா என்று கேட்டேன். கயிறு பிடிக்கும் அண்ணன் சிரித்தார். அலுவலகத்தில் எனக்குப் பெயரே 'இன்னொருதடவை'தான். இன்னொரு தடவையும் அதே எண் வந்தது. மறுநாள் காலை பத்து மணிக்குப் பாலத்தைத் திறந்துவிடலாம் என்று முடிவானது.

எங்கள் வேலை வெளியே இருந்து பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். வெள்ளத்தில் தண்ணீர் தூணில் மோதிச் சுழன்று, தூணின் காலடி மண்ணை அள்ளிக்கொண்டு போகும். பாலத்தின் மேலே நிற்பவருக்கு எதுவும் தெரியாது. தார் அப்படியே இருக்கும், கைப்பிடிச் சுவர் அப்படியே இருக்கும். அதனால் ஒவ்வொரு தூணுக்கும் நேர் மேலே கைப்பிடிச் சுவரில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கிறோம். அங்கிருந்து அளவு குறித்த கயிற்றில் இரும்புக் குண்டைக் கட்டி இறக்குவோம். குண்டு தரையைத் தொட்டதும் கயிறு தொய்யும். அப்போது கோட்டில் நிற்கும் எண்ணைப் படிப்போம். எண் கூடியிருந்தால் கீழே பள்ளம் விழுந்திருக்கிறது என்று பொருள்.

கூடவில்லை. ஒரு சென்டிமீட்டர்கூட நகரவில்லை. மற்ற தூண்களில் எல்லாம் கொஞ்சம் ஏற்ற இறக்கம் இருந்தது. வேகமான நீரில் நிற்கும் மூன்றாம் தூணில் மட்டும் வெள்ளமே வராத மாதிரி பழைய எண். முதலில் நான் சந்தேகப்பட்டது ஆற்றை அல்ல, என்னைத்தான். பழைய எண் மனப்பாடமாக இருந்ததால் கண் அதையே படித்துவிட்டதோ? ஆனால் அண்ணனும் அதைத்தான் படித்தார். அவருக்கு நேற்றுச் சாப்பிட்டதே நினைவிருக்காது.

அன்று வீட்டுக்குப் போனதும் அக்கா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். நிறைமாதம். மருத்துவமனை அக்கரையில். இரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருப்பதால், பாலம் திறக்காவிட்டால் காத்திருக்காமல் சுற்றுவழியில் வந்து மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே தங்கிவிட வேண்டும் என்று டாக்டர் தொலைபேசியில் சொல்லியிருந்தார். சுற்றுவழி என்றால் மேல்பக்கத்துப் பாலம், குண்டும் குழியுமான சாலை, அரைநாள் பயணம். அதுகூட அக்காவுக்குப் பெரிதில்லை. மருத்துவமனைக்குப் பக்கத்தில் தங்குவதென்றால் ஒரே வீடுதான் இருந்தது. அவளுடைய மாமியார் வீடு.

அக்காவின் கணவர் கப்பலில் வேலை பார்க்கிறார். அவர் கிளம்பிப் போன மறுவாரமே அக்கா எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். பெரிய சண்டை எதுவும் இல்லை. அக்கா கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களை மாமியார் அத்தை எடுத்து, அவள் கண்ணெதிரிலேயே, மறுபடியும் கழுவுவாராம்.

"ஒரு வார்த்தை திட்டினாக்கூடப் பரவாயில்லடி. பேசாம கழுவுறாங்க. அதுதான் தாங்க முடியலை."

நாளைக்குப் பத்து மணிக்குத் திறக்கிறோம் என்று சொன்னேன். அக்கா என் கன்னத்தைக் கிள்ளினாள். பதினொரு மணிக்குப் பரிசோதனைக்குப் போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம், ஆட்டோவுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றாள். அம்மா மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, உனக்கு என்னடி ஆச்சு என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு மாலை வகுப்புக்குக் கிளம்பினேன்.

நில அளவைப் பட்டயப் படிப்பு. வகுப்புக் கட்டடத்தின் முன்னால் குழாய் பதிக்கத் தோண்டி, மண்ணைத் தள்ளி மூடியிருந்தார்கள். மேலே பார்க்கச் சமதரை. எனக்கு முன்னால் வங்கியில் வேலை பார்க்கும் தோழி நடந்தாள். அவள் கவுண்டரில் இருந்து நேரே வருவதால் குதிகால் உயர்ந்த செருப்பு. நாலாவது அடியில் வலது குதிகால் அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. கை கொடுத்து இழுத்தேன். செருப்பு மண்ணிலேயே நின்றது.

குனிந்து அதைப் பிடுங்கிக்கொண்டே அவள் என் காலைப் பார்த்தாள். நான் தட்டையான ரப்பர் செருப்பில் அவள் பக்கத்திலேயே, அதே மண்ணின் மேல் நின்றுகொண்டிருந்தேன்.

"நீ என்னைவிட ஒரு மூட்டை அரிசி கூட இருப்ப. உன்னை மட்டும் தரை தாங்குது பாரு."

சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

எங்கள் பழைய குண்டு பேரிக்காய் மாதிரி இருக்கும்; அடியில் கூர். வெள்ளத்தின் உச்சத்தில் அது மிதந்து வந்த மரத்தில் சிக்கி, கயிறு அறுந்து போய்விட்டது. மாற்றுக் குண்டு தேடியது நான்தான். சாமான்கள் அடைந்து கிடக்கும் கிட்டங்கியில் பழைய தராசின் எடைக்கற்கள் கிடந்தன. பழைய குண்டு ஐந்து கிலோ. ஆகவே ஐந்து கிலோ கல்லாகப் பார்த்து எடுத்தேன். துருவில் எடை குறைந்திருக்குமோ என்று அதையும் நிறுத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. மேலே கயிறு கட்ட வளையமும் இருந்தது. என் ஒழுங்கை நானே மெச்சிக்கொண்டேன். அடிப்பக்கம் சாப்பாட்டுத் தட்டு மாதிரி தட்டையாக இருந்ததை நான் பார்க்கவில்லை. பார்த்தேன், கணக்கில் சேர்க்கவில்லை.

வெள்ளம் தோண்டிய பள்ளத்தை, வடியும் வெள்ளமே சேற்றைக் கொண்டுவந்து மூடிவிடும். அந்தச் சேற்றுக்குப் பாரம் தாங்கும் பலம் கிடையாது. கூர்க் குண்டு அதைக் கிழித்துக்கொண்டு இறங்கும். தட்டைக் குண்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டு, இதுதான் தரை என்று சொல்லும். இரண்டாம் தூணிலும் நாலாம் தூணிலும் குண்டு மேலே வந்தபோது அடியில் மணல் ஒட்டியிருந்தது. மூன்றாம் தூணில் சாம்பல் நிறச் சேறு. பழைய துணியால் நானே துடைத்துப் போட்டேன்.

அன்று வகுப்பில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

காலையில் அலுவலகத்துக்கு நடக்கும்போது இரண்டு பக்கமும் வாதாடிப் பார்த்தேன். நான் நினைப்பது தப்பாக இருந்தால், ஒரு செருப்பு மண்ணில் மாட்டியதற்காக ஊரையே நிறுத்தி வைத்தவள் ஆவேன். இருக்கிற பட்டப்பெயரோடு இன்னொன்றும் சேரும். சொல்லாமல் விட்டால் அக்கா சந்தோஷமாக ஆட்டோவில் ஏறுவாள். அந்த ஆட்டோ எதன் மேல் போகும் என்று யோசித்தபோது வாதாட வேண்டிய அவசியம் இல்லாமல் போனது.

மேற்பார்வையாளர் ஒரு காதில் தொலைபேசியோடு நின்றுகொண்டிருந்தார். பேருந்து நிலையத்தில் இருந்து, பால் வண்டிக்காரர்களிடம் இருந்து, பெரிய அலுவலகத்தில் இருந்து என்று விடாமல் அழைப்பு. இரண்டு அழைப்புக்கு நடுவில் சொன்னேன்.

"சார், நேத்து அளந்தது தப்பா இருக்கலாம்."

"இருக்கலாமா, இருக்கா?"

"தெரியலை சார். குண்டு தட்டையா இருக்கு."

"குண்டு எப்படிம்மா தட்டையா இருக்கும்?"

எரிச்சலில்தான் கேட்டார். ஆனால் கேட்டுவிட்டுக் குனிந்தார். மேசைக்கடியில் கிடந்த எடைக்கல்லைக் காலால் புரட்டிப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் அதைக் குண்டு என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். குண்டைக் கொண்டா, குண்டை இறக்கு, குண்டு தட்டிருச்சா. அந்த வார்த்தைக்குள் பழைய குண்டின் உருவம் உட்கார்ந்திருந்தது. கண்ணெதிரே இருந்ததை யாரும் பார்க்கவில்லை.

சேறு ஒட்டியிருந்ததையும் சொன்னேன். அவர் தொலைபேசியை மேசை மேல் கவிழ்த்து வைத்தார். கூரான இரும்பு என்ன இருக்கிறது என்று கேட்டார். அண்ணன் விளையாட்டாக, கடப்பாரை இருக்கு சார், ஆத்துக்கு ஊசி போட்டுரலாம் என்றார். மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை. எடுத்து வரச் சொன்னார்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் கூட்டம் சேர்ந்துவிட்டிருந்தது. நாங்கள் கடப்பாரையைக் கயிற்றில் கட்டித் தூக்கிக்கொண்டு நடந்ததைப் பார்த்து, கடப்பாரையில மீன் பிடிக்கப் போறாங்கப்பா, பெரிய மீனாத்தான் இருக்கும் என்று யாரோ சத்தமாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

நேராக மூன்றாம் தூணுக்குப் போக வேண்டாம், முதலில் இரண்டாம் தூணில் போட்டுப் பார்க்கலாம் என்றேன். நல்ல தரையில் கடப்பாரை எவ்வளவு இறங்கும் என்று தெரியாமல் கெட்ட தரையைப் பற்றி என்ன சொல்ல முடியும்? இரண்டாம் தூணில் தூக்கித் தூக்கிப் போட்டும் ஒரு சாண்தான் இறங்கியது. அண்ணன் என்னைப் பார்த்து, போதுமாம்மா என்றார்.

மூன்றாம் தூணில், கடப்பாரையின் நீளத்தையும் சேர்த்து, பதினொன்று புள்ளி இரண்டில் கயிறு லேசாகத் தொய்ந்தது. அண்ணன் தூக்கிப் போட்டார். பதினொன்றரை. மறுபடி தூக்கிப் போட்டார். பன்னிரண்டு. அதற்குப் பிறகு அவர் ஜோக் எதுவும் அடிக்கவில்லை. தூக்கினார், விட்டார், தூக்கினார், விட்டார். கயிறு கோட்டைத் தாண்டி வழுக்கிக்கொண்டே போனது. பதின்மூன்று புள்ளி ஒன்றில் கடப்பாரை கெட்டியாக எதிலோ நின்றது. அந்த அதிர்வு கயிறு வழியாக என் விரலுக்கு வந்தது.

தூணின் அடித்தளம் முடியும் இடம் கோட்டில் இருந்து பதின்மூன்றரை மீட்டர். அந்தத் தூண் மண்ணுக்குள் இரண்டு மீட்டருக்கு மேல் கால் ஊன்றி நின்றதாக நினைத்துக்கொண்டிருந்தோம். நல்ல மண் அரை மீட்டர்கூட மிச்சமில்லை. மற்றதெல்லாம் சேறு.

மேற்பார்வையாளர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தார். தண்ணீர் அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது.

"இன்னொரு தடவை" என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கயிற்றைப் பார்த்தேன். இன்னொரு தடவையும் அதே எண்தான் வந்தது. ஒரு முறையாவது என் சந்தேகம் பொய்யாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டதாக ஞாபகம்.

கூட்டத்திடம் அவரே போய்ச் சொன்னார். நல்ல திட்டு விழுந்தது. என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு நானே போய்ச் சொன்னேன். அக்கா தலை வாரி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஆட்டோ சத்தத்துக்குக் காது கொடுத்தபடி உட்கார்ந்திருந்தாள். பாலம் திறக்காது, எப்போது திறக்கும் என்றும் தெரியாது, இன்றைக்கே சுற்றுவழியில் கிளம்பினால்தான் வெளிச்சத்தில் போய்ச் சேர முடியும் என்றேன்.

"நேத்து திறக்கும்னே. இன்னிக்கு வந்து தலையில குண்டைத் தூக்கிப் போடுறியேடி."

ஐந்து கிலோ, தட்டை என்று வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன். குண்டு, சேறு, கடப்பாரை எல்லாவற்றையும் முறையாக விளக்கினேன். அக்கா கேட்டுக்கொண்டே வளையலை உருட்டினாள். யார் இதைக் கண்டுபிடித்தது என்று கடைசியாகக் கேட்டாள். நான் அவள் பையின் வாரைச் சரிசெய்ததில் இருந்தே புரிந்துகொண்டாள்.

"நீயும் அத்தையும் ஒரே அச்சுடி. நீ அளந்ததையே அளக்குற, அவங்க கழுவினதையே கழுவுறாங்க. நடுவுல நான் மாட்டிக்கிட்டேன்."

கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் பைக்குள் இன்னும் நாலு துணிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தாள். அம்மாவும் அவளும் வண்டியில் ஏறியபோது, பள்ளம் வந்தால் மெதுவாகப் போகும்படி ஓட்டுநரிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை அவர் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

அந்த வாரமே ஒரு முக்குளிப்பவர் கயிற்றைக் கட்டிக்கொண்டு மூன்றாம் தூணருகே இறங்கினார். மேலே வந்ததும், சேற்றை விலக்கிக்கொண்டு இறங்கி, அதற்குள் கையைத் தோள்வரை விட்டதாகவும், ஆறு வந்து மோதும் மூலையில் அடித்தளத்தின் கீழ்விளிம்பே விரலில் தட்டியதாகவும் சொன்னார். அந்த மூலை நாங்கள் கயிறு இறக்கிய இடம் இல்லை. அப்படியானால் அங்கே அரை மீட்டர் மண்கூட இல்லை. லாரி லாரியாகப் பாறாங்கல் கரையில் வந்து குவிய ஆரம்பித்தது. பட்டறையில் சொல்லிக் கூரான குண்டு ஒன்று செய்து வாங்கினோம். அதைக் குண்டு என்று எழுதலாமா, வேறு பெயர் வைக்கலாமா என்று நான் கேட்டேன். அண்ணன் கும்பிட்டார்.

நேற்று அக்கா தொலைபேசியில் பேசினாள். அழுத்தம் இறங்கியிருக்கிறது, பரிசோதனைக்கு நடந்தே போய் வருகிறாள், டாக்டருக்குத் திருப்தி. இதையெல்லாம் சாதாரணக் குரலில் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். பின்னால் தண்ணீர்க் குழாய் திறந்திருக்கும் சத்தமும் பாத்திரங்கள் உருளும் சத்தமும் கேட்டன.

"கேக்குதா? இப்பத்தான் கழுவிக் கவுத்தேன்."

கேட்கிறது என்றேன்.

நடுவில் அத்தை போனை வாங்கினார். பாலம் வேலையை நன்றாக, நிதானமாகச் செய்யச் சொன்னார். அவசரப்பட்டு எதையும் திறந்துவிடாதீர்கள், இவள் இங்கே சௌக்கியமாக இருக்கிறாள், ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துச் செய்வதுதான் நல்லது என்றார். அவர் குரல் சந்தோஷமாக இருந்தது.

போன் திரும்ப அக்கா கைக்கு வந்தது. எங்கேயோ உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்துகிற சத்தம்.

"ஏய்," என்றாள் ரகசியமாக, "இன்னொரு தடவை அளந்து பாரேன்டி."

இன்று காலை அளந்தேன். புதுக் குண்டு, கூர் கீழ்ப்பக்கம். அதே பதின்மூன்று புள்ளி ஒன்று.