விரல் விரிய ஆகும் நேரம்

எங்கள் ஊர் காவல் நிலையத்தில் என் மேசை ஆண்கள் கழிப்பறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. போலீசோடு ஒரு சமூகப் பணியாளரையும் அனுப்பினால், மனநிலை சரியில்லாதவர்கள் கைவிலங்கு இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவார்கள் என்று நகர மன்றம் தீர்மானம் போட்டது. அந்தப் பணியாளரான எனக்கு மேசையை எங்கே போடுவது என்று யாரும் தீர்மானிக்கவில்லை. குண்டு துளைக்காத சட்டை ஒன்று கொடுத்தார்கள். ஆம்பளை அளவு. உட்கார்ந்தால் மோவாயில் இடிக்கும்.

"டிஷ்யூ பெட்டி எடுத்துக்கிட்டியா மார்னி?" என்பான் ரோந்துப் போலீஸ்காரன் பிரெண்ட், நான் வண்டியில் ஏறும் ஒவ்வொரு முறையும்.

"ஒனக்குத்தான் எடுத்து வச்சிருக்கேன். நீதான அழுவ" என்பேன்.

சிரிப்பான். இருபத்தாறு வயது. கெட்டவன் இல்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவன்தான் சுட்டான்.

லீலண்ட் ப்ரொஹாஸ்காவும் என் அப்பாவும் மாட்டுக்கறி ஆலையில் எலும்பு பிரிக்கும் வரிசையில் முப்பத்தொரு வருடம் பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்கள். குளிர் அறை. கறியைச் சுமந்துகொண்டு ஓடும் பட்டை. ஒரே வெட்டு, நாளுக்கு ஆயிரக்கணக்கான தடவை. அப்பாவுக்குத் தோள்பட்டை போயிற்று. லீலண்டுக்கு விரல்கள். எதையாவது இறுக்கிப் பிடித்தால் வலது கை அப்படியே பூட்டிக்கொள்ளும். வெந்நீரில் காட்டி, ஒவ்வொரு விரலாக விரிய விட வேண்டும். எங்கள் தெருவில் விடிகாலையில் எல்லா வீட்டிலும் வெந்நீர்க் குழாய் ஓடும். ஆலைக்குப் போகிறவர்கள் கையைத் திறந்துகொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் லீலண்டுக்கு மனசும் பிசகியது. வீட்டின் கீழறையில் பட்டை ஓடுகிறது என்பார். மேஸ்திரி பேர் சொல்லிக் கூப்பிடுகிறான் என்பார். அப்போது எலும்பு சீவும் கத்தியை எடுத்துக்கொண்டு பின்வாசல் படியில் வந்து நிற்பார். யாரையும் ஒரு கீறல் கீறியதில்லை. வேலைக்கு நிற்கிறார், அவ்வளவுதான்.

அவரை வழிக்குக் கொண்டுவர எனக்கு ஒரு முறை உண்டு. ஒரு படி கீழே நின்றுகொள்வேன்.

"லீலண்ட், ஷிஃப்ட் முடிஞ்சுது. கத்திய கழுவுற இடத்துல வச்சிடுங்க."

"மணி அடிக்கலியே."

"அடிச்சுது. நீங்க கவனிக்கல."

"நீ ஸ்டானோட பொண்ணுதான? அப்பா எங்க?"

"முன்னாடியே கிளம்பிட்டாரு. ஒங்களுக்காக வெளிய நிக்கிறாரு."

உள்ளே போவார். தொட்டியில் வெந்நீரைத் திறந்து கையை நீட்டுவார். கொஞ்ச நேரத்தில் கத்தி தானாகத் தொட்டியில் விழும். பிறகு ஆஸ்பத்திரிக்கு என்னோடு வருவார். இப்படி நாலு தடவை நடந்தது.

நாலாவது தடவைக்குப் பிறகு, அவரைத் தெரியாத போலீஸ்காரன் போனால் மிரண்டுவிடக் கூடாதே என்று அந்த விலாசத்தின் பேரில் கணினியில் நாலு வரி பதிந்தேன். ஆபத்தை முதலில் எழுது என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறை. அப்படியே எழுதினேன். வீட்டில் கத்தி வைத்திருப்பார். இதுவரை யாரையும் தாக்கியதில்லை. வலது கை விரல்கள் பூட்டிக்கொள்ளும், கீழே போடச் சொன்னால் உடனே போட முடியாது, கத்தாமல் நேரம் கொடுங்கள். என்னைக் கூப்பிடுங்கள்.

ரோந்து வண்டியின் திரையில் எத்தனை வரி தெரியும் என்று மூன்று வருடத்தில் நான் ஒரு முறை கூடக் கேட்டதில்லை. ஒரே வரிதான் தெரியும். மிச்சத்துக்கு அழுத்த வேண்டும்.

பிப்ரவரி மாதம், செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. மூச்சு மீசையில் உறையும் குளிர். அடுத்த தெருவில் இருக்கும் லீலண்டின் அக்கா வெர்லா, அவர் படியில் நிற்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் அவசர எண்ணைக் கூப்பிட்டாள். என் பேரைச் சொன்னாள். நான்தான் அப்படிச் சொல்லி வைத்திருந்தேன்: என் போனுக்கு அடிக்காதீங்க, நான் வேற எடத்துல இருப்பேன், அவசர எண்ணுக்கு அடிச்சு மார்னி வேணும்னு கேளுங்க.

தகவல் அறையில் விலாசத்தைத் தட்டியதும் முதல் வரி வந்தது. கத்தி. கத்தி என்றால் ஆயுதம். ஆயுதம் என்றால், இடம் பத்திரம் என்று சார்ஜென்ட் சொல்லும்வரை சமூகப் பணியாளர் கிட்டே போகக் கூடாது. விதி. சார்ஜென்ட் லிண்ட்கிரென் தெரு முனையில் என் காரை மறித்தார்.

"சார்ஜென்ட், இவர எனக்குத் தெரியும். அஞ்சு நிமிஷம் குடுங்க."

"கத்தி இருக்கு மார்னி."

"எப்பவும்தான் இருக்கு!"

"நீயே எழுதினதுதான? இதோ ஸ்க்ரீன்ல இருக்கு பாரு. பேசாம கார்ல உக்காரு. ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா போலீஸ் தலைவர் என் தோல உரிச்சிடுவாரு."

"கீழ இன்னும் மூணு வரி இருக்கு. அழுத்திப் பாருங்க."

அழுத்தினார். கையுறை போட்ட விரலுக்குத் திரை மசியவில்லை. கையுறையின் நுனியைப் பல்லால் கடித்து இழுத்தார்.

"அவருக்கு விரல் திறக்காதுன்னு பிரெண்டுக்குச் சொல்லுங்க. மொதல்ல அதச் சொல்லுங்க!"

வாயில் கையுறையோடு ரேடியோவை எடுத்தார். அதற்குள், லீலண்ட் வீட்டுப் பின்வாசலுக்குப் போயிருந்த பிரெண்டின் ரேடியோ திறந்து வழியை அடைத்துக்கொண்டது.

"கத்திய கீழ போடு! கீழ போடுடா! போடு!"

பின்னால் லீலண்டின் குரலும் கேட்டது. நிதானமான குரல். "போடுறேன்பா... கொஞ்சம் இரு, போடுறேன்."

இரண்டு வெடி.

பிறகு இன்னொரு குரல் ரேடியோவில் சொன்னது: "இடம் பத்திரம். சமூகப் பணியாளர் வரலாம்."

போனேன். லீலண்ட் படிக்குக் கீழே பனியில் கிடந்தார். செத்தவருக்கும் விலங்கு போடுவது விதி. இடது கையில் போட்டுவிட்டார்கள். வலது கையிலிருந்து கத்தியை எடுக்க முடியாமல் பிரெண்ட் மண்டியிட்டு இழுத்துக்கொண்டிருந்தான்.

"விட மாட்டேங்கிறான்" என்றான்.

"விட முடியாது" என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தான். புரிந்துவிட்டது. அழுதான். டிஷ்யூ பெட்டி காரில்தான் இருந்தது. நான் போய் எடுக்கவில்லை.

முதல் அதட்டலுக்கும் முதல் குண்டுக்கும் நடுவில் பதினோரு வினாடி என்று பிற்பாடு ஒலிப்பதிவைக் கேட்டுச் சொன்னார்கள்.

மதியம் லிண்ட்கிரென் என் மேசைக்கு வந்தார். அவர் அங்கே வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வழக்கமாகத் தாண்டிப் போவார்.

"அக்காகாரிகிட்ட நீதான் சொல்லணும். அதுக்குத்தான நீ இருக்க."

"சொல்றேன்."

"அப்புறம், அந்தக் குறிப்பு. பிரெண்டக் காப்பாத்தும் அது. கத்தி இருக்குன்னு தெரிஞ்சுதான் போனான்னு காட்டிடலாம். நல்லா எழுதியிருக்க."

"மூணாவது வரியயும் காட்டுவீங்களா?"

"கேட்டாங்கன்னா குடுப்போம்." குரலைத் தாழ்த்தினார். "யாரு எழுதினதுன்னு அக்காகாரிகிட்ட சொல்லிட்டு இருக்காத. விசாரணை நடக்குது. ஒன் வேலைக்கும் நல்லதில்ல."

வெர்லா தன் வீட்டுச் சமையலறையில் காப்பிக் கோப்பையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். காப்பி ஆறி ஆடை கட்டியிருந்தது. அவளும் ஆலைக்காரிதான். இருபத்திரண்டு வருடம் கொழுப்பு சீவியவள். நான் வாயைத் திறப்பதற்குள் கையமர்த்தினாள்.

"சொல்லாத. ஆம்புலன்ஸ் போனதப் பாத்தேன். உயிர் இருந்தா அவ்ளோ மெதுவாவா ஓட்டுவான்?"

நின்றுகொண்டே இருந்தேன்.

"நீ சொன்ன மாதிரியேதான் பண்ணேன். மார்னி வேணும்னேன். ரெண்டு தடவ சொன்னேன்."

"தெரியும்."

"வந்தியா?"

"வந்தேன்."

"எங்க இருந்த?"

"தெருமுனையில. கார்ல."

"கார்ல" என்றாள், அந்த வார்த்தையை வாயில் போட்டுப் பார்க்கிறவள் மாதிரி. "ஒண்ணு மட்டும் சொல்லு. அவன் கையில கத்தி இருக்குன்னு போன்ல நான் சொல்லவே இல்ல. வேணும்னேதான் சொல்லல. சொன்னா பயந்துக்குவாங்க, துப்பாக்கிய எடுப்பாங்கன்னு தெரியும். அப்புறம் யாரு சொன்னா?"

லிண்ட்கிரென் சொன்னது காதில் இருந்தது. வேலை போனால் எனக்கும் அந்த ஆலை ஒன்றுதான் மிச்சம்.

"நான்தான்" என்றேன். "முன்னாடியே எழுதி வச்சிருந்தேன். அவரு நல்லதுக்குன்னுதான். விரல் பூட்டிக்கும்னும் எழுதியிருந்தேன். மொதல் வரிக்குக் கீழ யாரும் படிக்கல."

அவள் கோப்பையை மேசையில் வைக்கப் பார்த்தாள். விரல்கள் விடவில்லை. நான் கையை நீட்டினேன்.

"தொடாத."

எழுந்து போய் இடது கையால் வெந்நீர்க் குழாயைத் திறந்தாள். கோப்பையோடு கையைக் காட்டினாள். ஆவி எழுந்தது. சுண்டுவிரல் முதலில் அசைந்தது. வெகுநேரம் கழித்து அடுத்தது. கட்டைவிரல் கடைசிவரை மல்லுக்கட்டியது. அடுப்புக்கு மேலிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு எதையும் பார்க்க முடியவில்லை. ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆனது. கோப்பை தொட்டியில் விழுந்து உருண்டது. உடையவில்லை.

வெர்லா குழாயை மூடாமல் திரும்பினாள்.

"பாத்துக்கிட்டியா?" என்றாள். "போ. போய் இத எழுது. மொதல் வரியில."