இங்கிருந்து பார்த்தால்

"அவ பையை நான் போய் வாங்கிட்டு வரேன்" என்று மகளிடம் சொல்லிவிட்டு அவர் படியிறங்கிக்கொண்டிருந்தார். மேலே ஓர் அறையில் அவருடைய மனைவி வெள்ளைத் துணிக்குள் கிடந்தாள். மருத்துவர் கையெழுத்துப் போட வேண்டும், வண்டி வர வேண்டும். அதையெல்லாம் மகள் பார்த்துக்கொள்வாள். அவருக்கு அங்கே செய்ய ஒன்றுமில்லை.

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் சலவைப் பிரிவு. காலம் முழுக்க அவள் வேலை பார்த்த இடம். அவர் வாசல் வரை கொண்டுவந்து விட்டதோடு சரி, உள்ளே வந்ததே கிடையாது.

அறுபது முடிந்ததுமே அவள் வீட்டுக்கு வந்திருக்கலாம். அந்த வருஷம் பார்த்துத்தான் அரசாங்கம் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஓய்வைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஓய்வூதியம் கூடும்; வயதானவர்களுக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுக்கும் நிர்வாகத்துக்கு மானியம். 'அனுபவம் நாட்டின் சொத்து' என்று பேருந்து நிறுத்தம் வரை ஒட்டியிருந்தார்கள். அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்து ஓய்வு பெற்றிருந்த அவர், "அப்ப வீட்டுல உக்காந்திருக்கிற நான் என்ன, செலவா?" என்று கேட்டார். அவள் சிரிக்கவில்லை. நீடிப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்துதான் சொன்னாள். அடுத்த வருஷமும் அதே கதை.

"நம்ம ரெண்டு வயித்துக்கு இன்னும் எவ்வளவுதான் வேணும்?"

"வர்றதை ஏன் விடணும்?"

அத்தோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் அவள் காசுக்குப் பறக்கிறவள் இல்லை. பின்னே எதற்கு? காலையில் போன் வந்ததிலிருந்து, அழுகைக்கும் முன்னால் இந்தக் கேள்விதான் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. அது அவருக்கே கூச்சமாக இருந்தது.

கதவைத் தள்ளியதும் சூடு முகத்தில் அடித்தது. பெரிய பெரிய உருளைகளுக்குள் துணிகள் புரண்டன. நீண்ட மேஜையருகே நின்றிருந்த ஒல்லியான பெண் ஓடி வந்தாள். மனைவி அடிக்கடி சொன்ன சிட்டு இவளாகத்தான் இருக்க வேண்டும்.

"ஐயா... இங்கதான் உக்காந்து தலையணை உறை அடுக்கிட்டிருந்தாங்க பெரியக்கா. அப்படியே அது மேல தலையைச் சாய்ச்சாங்க. 'என்னக்கா, தலையணையே இல்லாம வெறும் உறையில தூங்கறீங்களா'ன்னு நான் வேற கேலி பண்ணிட்டேன்யா..." அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பின்னால் யாரோ தாழ்ந்த குரலில் கேட்பது காதில் விழுந்தது. "இவருதான் சந்திப்பிழையா?"

அவர் திரும்பினார். "யாரு சந்திப்பிழை?"

நீராவி இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவர் முன்னால் வந்தார். அங்கே எல்லோருக்கும் அவர் ஆவி அண்ணன்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். 'உப்பு வாங்கி கொண்டு வரவும்'னு அக்கா சீட்டு எழுதி வெச்சிட்டு வந்தாங்களாம். நீங்க நடுவுல ஒரு 'க்' போட்டுத் திருத்திட்டு, உப்பு வாங்காமயே விட்டுட்டீங்களாமே."

மூலையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டு, பதறிப்போய்த் தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்றைக்கு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தானே போய் உப்பு வாங்கி வந்தாள். அதுதான் அவருக்கு நினைவிருந்தது.

"இதைச் சொல்லிச் சிரிச்சாளா?"

"சிரிச்சாங்களாவா? இத்தனை மெஷின் சத்தத்தையும் தாண்டிக் கேக்கும் சார். தினம் உங்க கதை ஒண்ணு இல்லாம எங்களுக்கு டீ இறங்காது."

"எப்படிச் சிரிப்பா?"

சிட்டுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு செய்து காட்டினாள். மேஜையை உள்ளங்கையால் பட் பட்டென்று தட்டி, தலையைப் பின்னால் சாய்த்து, மூச்சு முட்டுகிற மாதிரி. அவர் உற்றுப் பார்த்தார். முன்பின் பார்த்திராத ஒருத்தியைப் பார்ப்பதுபோல இருந்தது.

"காசுக்காகத்தானே இருந்தா?" என்று கேட்டார்.

"எங்ககிட்டயும் அப்படித்தான் சொல்வாங்க" என்றார் ஆவி அண்ணன்.

"இல்லண்ணே" என்றாள் சிட்டு. "ஒரு நாள் நான் கேட்டேன். 'போதும்க்கா, ஐயாகூட வீட்டுல நிம்மதியா இருங்களேன்'னேன். 'நாள் பூரா அங்கயே இருந்தா சண்டைதான்டி போடுவேன். இங்கேருந்து பாத்தா அந்த மனுஷன் நல்லாத்தான் இருக்காரு'ன்னாங்க."

அது பாராட்டா, குறையா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"'நல்லா இருக்காரு'ன்னா சொன்னா? இல்ல, 'நல்லாத்தான் இருக்காரு'ன்னா?"

சிட்டு யோசித்தாள். "நல்லாத்தான்."

அவர் தலையாட்டினார். சிட்டு உள்ளே போய்ப் பையை எடுத்து வந்து கொடுத்தாள். சுவரில் இருந்த தொலைபேசி அடித்தது. எடுத்த ஆவி அண்ணன், வார்டில் படுக்கைவிரிப்பு கேட்கிறார்கள் என்றார். சிட்டு வண்டியிலிருந்து ஒன்றை உருவினாள். வழக்கமாக மறுமுனையைப் பிடிக்கிறவள் மேலே பெரியக்காவோடு நின்றிருந்தாள். தனியாக விரித்ததில் துணி தரையைத் தொடப் பார்த்தது.

அவர் பையை நாற்காலியில் வைத்துவிட்டு அந்த முனையைப் பிடித்தார்.

"ஐயா, நீங்க போய்..."

"எப்படி மடிக்கணும்?"

இருவரும் எதிரெதிரே வந்தார்கள், முனைகளைச் சேர்த்தார்கள், விலகினார்கள். துணியில் இன்னும் சூடு இருந்தது. அவள் அடுத்ததை உருவினாள். சட்டைப் பையில் அவருடைய போன் அடிக்க ஆரம்பித்தது. அவருக்கு இரண்டு கையிலும் துணி இருந்தது.