சேவைத் துறைக்கு மாறிய வனஜா

லவினா மூன்று மாதம் வீடு வீடாக அலைந்து எடுத்த சர்வே அது. பெங்களூரின் ஓரத்தில், ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் இருநூறு வீடுகள். நகரம் வளர்ந்தால் அந்த வளர்ச்சி சுற்றுவட்டாரத்துக்கும் பரவுமா என்பதுதான் கேள்வி. பரவும் என்பது கஸ்தூரிரங்கனின் கொள்கை. மல்லேஸ்வரத்தில் சின்ன ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றை நடத்தும் அவர், முப்பது வருடம் கல்லூரியில் அதையே பாடமாக எடுத்தவர். லவினா அவரிடம்தான் வேலை பார்த்தாள்.

கிராமத்துக்குப் பரவியிருந்தது சாக்கடை. அடுக்குமாடிக் கழிவெல்லாம் ஏரியில் இறங்கி, நுரை ரோட்டில் ஏறிக் கிடந்தது. துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற லவினாவைப் பார்த்து, அந்த ஊர் வனஜா சிரித்தாள்.

"ரெண்டு நாள்ல பழகிடும் மேடம்."

கடைசி நாள்வரை பழகவில்லை.

வனஜா கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து அங்கே வாக்கப்பட்டு வந்தவள். மூன்று மாடு வைத்திருந்தாள். ஏரிக்கரைப் புல்லை அவை தின்றதில் பால் நாற, சொசைட்டியில் வாங்க மறுத்தார்கள். இரண்டு மாடுகள் வயிறு உப்பிச் செத்தன. மூன்றாவதை விற்றுவிட்டு, ஒரு ஐ.டி. வளாகத்தில் கக்கூஸ் கழுவப் போனாள். இதையெல்லாம் லவினா படிவத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதி வைத்தாள்.

அச்சாகி வந்த அறிக்கையில் அதில் ஒரு வரி இல்லை. அட்டையில் சீருடையோடு வனஜா சிரித்துக்கொண்டிருந்தாள். லவினாவே எடுத்த போட்டோ. கீழே, 'கால்நடையிலிருந்து சேவைத் துறைக்கு' என்று தலைப்பு.

"சார், அவங்க மாறல. நாமதான் துரத்தியிருக்கோம்."

"உணர்ச்சிவசப்படாதே லவினா. வருமானம் கூடியிருக்கா இல்லையா?"

"கூடியிருக்கு. ஆனா தண்ணியும் பாலும் இப்ப காசு கொடுத்து வாங்குறாங்க."

"நல்லதுதானே? புதுசா ஒரு சந்தை உருவாகியிருக்கு." பிஸ்கட்டைக் காபியில் நனைத்து வாயில் போட்டுக்கொண்டார்.

வெளியீட்டு விழா ஒரு ஹோட்டலில் நடந்தது. முதல் பிரதி வனஜாவுக்கு. சீருடையிலேயே வரச் சொல்லியிருந்தார்கள். அவள் பேசுவதை இங்கிலீஷில் சொல்ல வேண்டியது லவினாவின் வேலை.

வனஜா புத்தகத்தைப் புரட்டினாள். "இதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியல. ஏரியில கழிவ விட்டு எம் மாட்டக் கொன்னாங்க. இப்ப அவங்க கக்கூஸத்தான் கழுவுறேன். அத எழுதியிருக்கீங்களா?"

முன்வரிசையிலிருந்து கஸ்தூரிரங்கன் வேண்டாம் என்று தலையசைத்தார். லவினா ஒரு சொல் விடாமல் சொன்னாள். "எழுதவில்லை" என்று தன் பதிலையும் சேர்த்துக்கொண்டாள்.

யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். கஸ்தூரிரங்கன் எழுந்து நின்றே தட்டினார். "எவ்வளவு உண்மையான குரல்!" என்று ஒருவர் வனஜாவோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார். அப்புறம் பஃபேக்குப் போனார்கள். லவினா எதிர்பார்த்தது கோபத்தை. அந்தக் கைதட்டல் சளிபோல அவள் மேல் ஒட்டிக்கொண்டது.

மறுநாளே வேலையை விட்டாள். தன் பெயரையும் வனஜாவின் படத்தையும் அறிக்கையிலிருந்து நீக்கச் சொல்லி எழுதினாள். பெயரை உடனே எடுத்துவிட்டார்கள். படத்தை எடுக்கவில்லை; அதற்கு வனஜாவின் சம்மதக் கையெழுத்து இருக்கிறதாம். அதை வாங்கியவள் லவினாதான்.

அதைச் சொல்லக் கிராமத்துக்குப் போனாள். வனஜா வாசலில் நின்றபடியே கேட்டுக்கொண்டாள்.

"இனிமே படிவத்தோட யார் வந்தாலும் உள்ள விட மாட்டேன். உங்களையும் சேர்த்துத்தான் சொல்றேன் மேடம்."

லவினா நுரைக்கு ஒதுங்கி ஒதுங்கி பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.