மூடியில்லாத தொட்டி

சுவரில் உட்கார்ந்திருந்த கொசுவின் மேல் கண்ணாடிக் குழாயின் வாயை மெல்லக் கவிழ்த்து, அதன் மறுமுனையில் இருந்த ரப்பர் குழாயை உதட்டில் வைத்து உறிஞ்சினாள் அமிர்தவல்லி. கொசு உள்ளே போய்விட்டது. விரலால் குழாயின் வாயை மூடி, அதைச் சோதனைக் குழாய்க்குள் ஊதிவிட்டுப் பஞ்சால் அடைத்தாள். அந்த வீட்டில் அது பதினோராவது. குருசுக்குப்பத்தில் அப்போதுதான் பொழுது விடிந்திருந்தது. ஒரே அறை, ஓலைக் கூரை, இடுப்புயரத்துக்கு மண்சுவர். டார்ச் வெளிச்சம் தூங்குகிறவள் மேலே படாமல் கவனமாகத் திருப்பினாள். கயிற்றுக் கட்டிலில் வசந்தா ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயது, ஆறு மாத வயிறு. தலைப்பிரசவம் என்பதால் வீராம்பட்டினத்திலிருந்து முன்னதாகவே தாய்வீட்டுக்கு வந்துவிட்டவள்.

உப்பளத்தில் ஒரு பழைய கிடங்கில் நடந்துகொண்டிருந்த கொசுக் கண்காணிப்புப் பிரிவில் அமிர்தவல்லிக்குத் தினக்கூலி வேலை. புருஷன் இராமதாஸை மில்லிலிருந்து நிறுத்தியபோது கிடைத்தது. ஆண்கள் கடலுக்குப் போன பிறகு விடியற்காலையில் குப்பத்து வீடுகளுக்குள் ஆம்பளையை விடமாட்டார்கள் என்பதால்தான் ஒரு பெண்ணை எடுத்தார்கள். ஓர் ஆள் ஒரு மணி நேரம் தேடினால் எத்தனை கொசு கிடைக்கிறது என்பதுதான் கணக்கு. அந்த எண்ணை வைத்துத்தான் எங்கே மருந்தடிப்பது, எந்தத் தண்ணீரை மூடுவது என்று முடிவு செய்வதாகச் சொல்லி வேலை பழக்கினார்கள். மூன்று வருஷத்தில் அவளுக்குப் பார்த்ததும் தெரிந்தது. சாக்கடைக் கொசு சுவரோடு ஒட்டினாற்போல உட்காரும். மலேரியாக் கொசு தலையைக் குனிந்து வாலைத் தூக்கி, சுவரில் சாய்வாக அடித்த ஆணி மாதிரி நிற்கும். வசந்தாவின் அம்மா ஜெயத்தின் வீட்டில் பிடித்த பதினொன்றும் ஆணிகள். எல்லாவற்றின் வயிறும் சிவந்து உப்பியிருந்தது.

வெளியே ஜெயம் மீன்கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எத்தினி?" என்றாள் தலை தூக்காமல்.

"பதினொண்ணுக்கா."

"போன வாரம் நாலுன்னே."

"ஆமாக்கா. அதான் யோசனையா இருக்குது."

அந்த ஐப்பசியில் குப்பத்தில் ஆறு பேருக்குக் குளிர்காய்ச்சல் கண்டிருந்தது. விரலில் ஊசி குத்தி எடுத்த ரத்தத்தில் ஆறும் மலேரியா என்று வந்தது. அமிர்தவல்லி தன் நோட்டில் வீடுகளைக் கட்டம் கட்டமாக வரைந்து, கொசு கிடைத்த எண்ணிக்கையைக் கட்டத்துக்குள் எழுதினாள். கடலோரம் இருந்த வீடுகளில் ஒன்று, பூஜ்யம், இரண்டு. மேற்கே போகப் போக ஐந்து, ஒன்பது, பதினொன்று. மேற்கு வரிசையோடு குப்பம் முடிந்துவிடும். அதற்கப்பால் ஓர் ஆள் உயர மதில். மதிலுக்கு அந்தப்புறம் அதிகாரிகள் குடியிருப்பு, மூன்று மாடிக் கட்டடங்கள் இரண்டு.

அங்கே காவலுக்கு இருந்த சின்னக்கண்ணு, இராமதாஸோடு மில்லில் ஒரே ஷிப்டில் இருந்தவர். அவள் கேட்டதும் கொஞ்சம் தயங்கி, பிறகு மாடிச் சாவியைக் கொடுத்தார்.

"போய்ப் பாரும்மா. மூடி காத்துல பறந்து ஆறு மாசமாச்சி. நானும் சொல்லிட்டுதான் இருக்கேன்."

மொட்டைமாடியில் நான்கு சிமெண்ட் தொட்டிகள். மூன்றுக்கு மூடி இல்லை. நீளக் கைப்பிடி போட்ட எனாமல் கரண்டியை விட்டுத் தண்ணீரை மொண்டாள். பளிங்கு மாதிரித் தண்ணீர், அடியில் சிமெண்ட் பூச்சின் கோடுகூடத் தெரிந்தது. வெள்ளைக் கரண்டிக்குள் மேல்பரப்போடு படுத்தபடி கறுப்புக் கோடுகள் பின்னோக்கி நகர்ந்தன. சாக்கடைக் கொசுவின் புழு தலைகீழாகத் தொங்கும். இது மட்டும்தான் படுத்திருக்கும். பத்துத் தரம் மொண்டாள். நாற்பத்தேழு. நிமிர்ந்து பார்த்தபோது கீழே ஜெயத்தின் கூரையும், அதன்மேல் காயப்போட்ட வலையும், வாசலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்த வசந்தாவும், எல்லாம் கையெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தெரிந்தன.

படிவத்தை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தபோது இன்ஸ்பெக்டர் கலியமூர்த்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்டவர் இல்லை. பெண் கல்யாணத்துக்கு நிற்கிறாள், இன்னும் நான்கு வருஷ சர்வீஸ் இருக்கிறது.

"அந்த பில்டிங்ல யார் இருக்காங்கன்னு தெரியுமாம்மா?"

"தெரியும் சார்."

"ரெண்டாவது மாடி நம்ம பலராமன் சார் வீடு. நம்ம ஆபீசுக்கே பெரியவரு. அவர் தலைக்கு மேல மலேரியாப் புழு இருக்குதுன்னு அவருக்கே நான் ரிப்போர்ட் அனுப்பணுமா?"

"இருக்குது சார். நாப்பத்தேழு எண்ணினேன்."

"குவார்ட்டர்ஸ் நம்ம லிஸ்ட்ல இல்ல. குப்பம்தான் இருக்குது. இருக்கிறத மட்டும் எழுது." தொட்டி பற்றிய வரியின் மேல் நேராக ஒரு கோடு இழுத்தார். ஸ்கேல் வைத்துத்தான் இழுத்தார்.

பலராமனிடமிருந்து மறு வாரம் உத்தரவு வந்தது. குப்பத்து மக்கள் சுகாதாரமில்லாமல் இருப்பதால் கொசு பெருகியிருக்கிறது, எல்லா வீட்டிலும் மருந்தடிக்க வேண்டும். அச்சடித்த அறிவிப்பை மாதா கோயில் பக்கத்துச் சுவரில் ஒட்டினார்கள். வியாழக்கிழமை எட்டுப் பேர் பம்புகளோடு வந்து இறங்கினார்கள். பானையை மூடு என்று சொல்ல யாருக்கும் பொறுமை இல்லை. சுவர், கூரை, துணிக்கொடி, சாமி படம் எல்லாம் டிடிடி மருந்தில் வெளுத்தன. மணலில் காயப்போட்டிருந்த நெத்திலி இரண்டு கூடை வீணானது. ஜெயம் அதைக் கடலோரம் குழி தோண்டிக் கொட்டிவிட்டு வந்து அமிர்தவல்லியின் முன்னால் நின்றாள்.

"சுத்தமில்லையாமே நாங்க. படிச்சிக் காட்டுனாங்க."

அமிர்தவல்லி நோட்டை மூடினாள்.

"மூணு வருசமா நீ என் வீட்டுக்குள்ள வந்து போற. என் வீடு சுத்தமில்லையா, சொல்லு."

"இது அழுக்குத் தண்ணியில வர்ற கொசு இல்லக்கா. நல்ல தண்ணியிலதான் வரும்."

"அப்ப எங்கேருந்து வருது? தெனம் எண்ணி எண்ணி எடுத்துக்கினு போறியே. எங்கேருந்துன்னு தெரியாமலா எண்ணுற?"

தெரியும் என்று சொல்ல வாயெடுத்தாள். மூன்று வருஷத் தினக்கூலி. வீட்டில் உட்கார்ந்திருக்கும் இராமதாஸ், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். "ஆபீசுல பாத்துக்கினு இருக்காங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அடுத்த வாரம் டார்ச் அடித்தபோது வெளுத்த சுவரின் மேலேயே ஆணிகள் நின்றன. பன்னிரண்டு. எண்ணை அப்படியே எழுதினாள். எழுதிக் கொடுப்பதோடு தன் வேலை முடிந்துவிடுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கார்த்திகை பிறந்த நான்காம் நாள் வசந்தாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் பகலில் உடம்பு தூக்கிப் போட்டது. இரண்டு போர்வை, அதன்மேல் படகுப் பாய், அதற்கும் மேல் ஜெயமே படுத்து அமுக்கியும் கட்டில் ஆடியது. ரத்தம் எடுத்து, முடிவு வந்து, மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கிய மூன்றாம் நாள் வயிற்றில் அசைவு இல்லை என்றாள். ஆஸ்பத்திரியில் ஏழு மாதக் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. ஆண்.

அமிர்தவல்லி பார்க்கப் போனபோது வசந்தா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மார்பில் பால் கட்டி வலியில் முனகினாள். அமிர்தவல்லிக்கு அந்தப் பதினொரு கொசுக்களின் சிவந்த வயிறு நினைவுக்கு வந்தது. ஆபீசில் அவற்றை வரிசையாக வைத்துக் கீறிப் பார்த்து, 'வயிறு நிறைந்தவை பதினொன்று' என்று எழுதிக்கொண்டார்கள். அந்தச் சிவப்பு இந்தப் பெண்ணுடையது. அதை அவள் குழாயில் பிடித்து, பஞ்சு அடைத்து, எண்ணிக் கொடுத்திருக்கிறாள். எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த ஒரே ஆளாக இருந்தும் பேசாமல் இருந்திருக்கிறாள். கலியமூர்த்தியின் ஸ்கேல் மேல் வந்த கோபம், அந்தக் கட்டிலருகே நின்றபோது தன் மேலேயும் திரும்பியது. அவளுக்கு அழுகை வரவில்லை. காது மடல்கள் சுட்டன.

திங்கட்கிழமை காலையில் எனாமல் கரண்டியோடும் வெள்ளைத் தட்டோடும் ஜெயத்தின் வாசலுக்கு வந்தாள்.

"அக்கா, எங்கேருந்துன்னு கேட்டியே. வா, காட்டுறேன்."

ஜெயம் அவள் முகத்தைப் பார்த்தாள். கேள்வி கேட்காமல் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தாள். வழியில் பார்த்துவிட்டு இன்னும் ஐந்தாறு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். மீன் ஏலத்துக்குப் புறப்பட்டிருந்தவர்கள், கூடையை இடுப்பில் வைத்தபடியே வந்தார்கள். சின்னக்கண்ணு வாசலில் எழுந்து நின்றார். எத்தனை பேர் என்று பார்த்தார். பிறகு மாடிச் சாவியை வாசற்படியில் வைத்துவிட்டு, பீடி வாங்கப் போகிறவர் மாதிரித் தெருப்பக்கம் நடந்துவிட்டார்.

மாடியில் அமிர்தவல்லி ஒரு கரண்டி மொண்டு தட்டில் ஊற்றினாள். பெண்கள் குனிந்து பார்த்தார்கள். வெள்ளைத் தட்டில் கோடுகள் நெளிந்தன.

"இதுவா?" என்றாள் ஜெயம்.

"இதான். எட்டு நாள்ல றெக்க மொளைச்சி எறங்கிடும். பக்கத்துல இருக்கிறது உங்க வீடுங்கதான்."

"இது உனக்கு எப்ப தெரியும்?"

"ஐப்பசியிலேயே தெரியும்க்கா. எழுதிக் குடுத்தேன், அந்த வரிய அடிச்சிட்டாங்க. அப்புறம் நான் பேசல."

ஜெயம் அவளை அடிப்பாள் என்று மற்றவர்கள் நினைத்திருக்க வேண்டும், ஒருத்தி நடுவில் கை நீட்டினாள். ஜெயம் அடிக்கவில்லை. அமிர்தவல்லியின் கையிலிருந்து தட்டைப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கினாள். இரண்டாவது மாடியில் கதவைத் தட்டினாள். பலராமன் சவர சோப்பு பாதி முகத்தில் இருக்க வந்து திறந்தார். குப்பத்துப் பெண்களையும், அவர்களுக்குப் பின்னால் தன் ஆபீசின் தினக்கூலியையும் பார்த்தார்.

"யார் உங்கள உள்ள விட்டது? எதுவா இருந்தாலும் ஆபீசுல வந்து மனு குடுங்க."

"மனு இல்ல முசே" என்றாள் ஜெயம், பிரெஞ்சுக்காரர் காலத்து மரியாதையோடு. தட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது உங்க மாடித் தண்ணி. நீங்க குளிக்கிற தண்ணி. சுத்தமில்லாதவங்கன்னு எங்க தெருவுல ஒட்டுனீங்களே, அந்தக் காகிதத்த இங்க எப்ப ஒட்டுவீங்க?"

பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. கீழ்மாடியிலிருந்து ஒரு எஞ்சினியர் மேலே வந்து எட்டிப் பார்த்தார். பலராமன் தட்டைப் பார்த்தார். ஒரே பார்வையில் அவருக்கு விளங்கிவிட்டது என்பது அமிர்தவல்லிக்குத் தெரிந்தது. படுத்திருக்கும் புழு எது, தொங்கும் புழு எது என்று வகுப்பெடுப்பவரே அவர்தான். முகத்தில் சோப்பு காய்ந்து வெடித்தது. "பாக்கச் சொல்றேன்" என்றார். ஜெயம் தட்டை அவர் வீட்டு வாசற்படியில் வைத்துவிட்டு இறங்கினாள்.

மறுநாள் மதியத்துக்குள் தொட்டிகள் காலியாகி, தேய்த்துக் கழுவி, புது மூடிகள் பொருத்தப்பட்டன. மூன்று பேர், அரை நாள் வேலை. அதைக் கேள்விப்பட்டு அமிர்தவல்லி நாட்களை எண்ணிப் பார்த்தாள். அரை நாள். அந்த அரை நாளுக்காக ஐப்பசியிலிருந்து காத்திருந்தார்கள்.

மார்கழி நடுவில் மேற்கு வரிசையில் எண்ணிக்கை இரண்டாக இறங்கி, பிறகு பூஜ்யமானது. அவளை வேலையை விட்டு எடுக்கவில்லை. குப்பத்துக்குப் போக வேண்டாம் என்று சொல்லி, ஆபீசில் வரைபடம் வரைய உட்காரவைத்தார்கள். அவள் கையெழுத்து அழகாக இருக்கும். வெளியூரிலிருந்து ஒரு குழு பார்வையிட வரப்போவதாகச் சொன்னார்கள். கலியமூர்த்தி பெரிய காகிதத்தைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தார்.

"வாரா வாரம் எண்ணிக்கையைக் கோடா போடு. மருந்தடிச்ச தேதியில ஒரு அம்புக்குறி. அதுக்குக் கீழ 'தெளிப்புக்குப் பின் வீழ்ச்சி'ன்னு எழுதணும். பலராமன் சார் சொன்னது."

"மருந்தடிச்ச பிறகு பன்னெண்டுக்கு ஏறிச்சி சார்."

"தெரியும்." அவர் சன்னல் பக்கம் பார்த்தார். "அந்த ரெண்டு வாரத்த விட்டுடு."

அமிர்தவல்லி எதையும் விடவில்லை. நான்கு, பதினொன்று, பன்னிரண்டு என்று புள்ளி வைத்தாள். கோடு தெளிப்பு நாளைத் தாண்டி ஏறியது. ஏறிக்கொண்டே போய், கார்த்திகைக் கடைசியில் திரும்பி, செங்குத்தாக விழுந்தது. அது திரும்பிய இடத்துக்கு மேல் அம்புக்குறியை வரைந்தாள். பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவைத் திறந்தாள். 'அதிகாரிகள் குடியிருப்பில் தொட்டி மூடிய நாள்' என்று எழுதினாள். தூரத்திலிருந்தும் படிக்கும்படி கொட்டை எழுத்தில் எழுதினாள்.

கலியமூர்த்தி பின்னால் வந்து நின்றது தெரிந்தது. மேஜை மேல் ஸ்கேல் கிடந்தது. அவர் அதை எடுக்கவுமில்லை, நகரவுமில்லை. மேலே மின்விசிறி கடகடவென்று சுற்ற, காகிதத்தின் ஓரம் படபடத்து எழுத்தின் மேல் மடிய வந்தது. மை இன்னும் ஈரமாக மின்னியது. அமிர்தவல்லி உள்ளங்கையை விரித்துக் காகிதத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அது காயும்வரை அப்படியே நின்றாள்.