திங்கட்கிழமைக் காய்ச்சல்

திங்கட்கிழமை காலை என்றாலே நெட்டைக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். மற்ற மாணவர்கள் குளித்து, சாப்பிட்டு, பட்டறை அங்கியை மாட்டிக்கொண்டு கிளம்பினால் போதும். அவனோ, தான் கிளம்புவதோடு, அறையில் குப்புறக் கிடக்கும் நண்பன் சுருட்டையையும் கிளப்பியாக வேண்டும். முகத்தில் தண்ணீர் அடித்து, சட்டையை மாற்றி, ஷூ கயிற்றைக் கட்டிவிட்டு, வாயில் புதினா மிட்டாயைத் திணித்து இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். பெற்றவள்கூட இத்தனை செய்திருக்க மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடுதியில் யாராவது ஒருவனுக்குப் பிறந்தநாள் வந்துவிடும். இல்லாவிட்டால் எவனுக்காவது காதல் தோல்வி. அதுவும் இல்லையென்றால், மறுநாள் வகுப்பு இருக்கிறதே என்கிற துக்கம். குடிக்கக் காரணத்துக்கா பஞ்சம்? சுருட்டை முதல் ஆளாகப் போய் உட்காருவான். கடைசியில் அவனைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிவருவது, ஒரு சொட்டும் தொடாத நெட்டையின் தலையெழுத்து.

இருவரும் கடைசல் பயிற்சியில் ஜோடி. இரும்பைச் சுழலவிட்டுக் கடையும் ஒரே லேத் இயந்திரத்தில் ஒருவன் துண்டைப் பொருத்த, மற்றவன் அளவு பார்க்க வேண்டும். இன்னொரு தடவை குடித்துவிட்டு வந்து மாட்டினால் வருடமே போய்விடும் என்று சுருட்டையைக் கல்லூரியில் ஏற்கெனவே எச்சரித்திருந்தார்கள். அந்தப் பயம் அவனுக்கு இருந்ததோ இல்லையோ, நெட்டைக்கு நிறையவே இருந்தது. அதனால்தான் பயிற்சி ஆசிரியர் அந்தச் சிவந்த கண்களைப் பார்க்கும்போதெல்லாம், காய்ச்சல் என்று இவன் முந்திக்கொண்டு சொல்வான். திங்கள்தோறும் தவறாமல் வருகிற காய்ச்சல்!

அன்றும் அதையேதான் சொன்னான். ஆசிரியர் சுருட்டையின் பக்கத்தில் சற்று நின்றார். மூக்கைத் தேய்த்துக்கொண்டார். பிறகு அடுத்த இயந்திரத்துக்குப் போய்விட்டார்.

லேத்தில் இரும்புத் துண்டைக் கவ்விப் பிடிக்கும் பகுதிக்கு 'சக்' என்று பெயர். கனமான ஒரு சாவியைச் செருகித் திருகி அதை இறுக்குவார்கள். இறுக்கிய கையோடு சாவியை எடுத்துவிட வேண்டும், அதன் பிறகுதான் இயந்திரத்தை ஓடவிட வேண்டும். பட்டறைக்குள் காலெடுத்து வைத்த முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. நெட்டை அளவுகோலை எடுக்கக் கருவிப்பெட்டியின் பக்கம் திரும்பினான். சுருட்டை இறுக்கினான். சாவியை அப்படியே விட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தினான்.

சுழன்ற வேகத்தில் சாவி பிய்த்துக்கொண்டு பறந்து நெட்டையின் இடது தோளில் அடித்தது. காறை எலும்பு முறிந்தது. ஒரு சாண் மேலே பட்டிருந்தால் தலையே போயிருக்கும் என்று கட்டுப்போட்ட மருத்துவர் சொன்னார்.

மறுநாள் ஆசிரியர் இருவரையும் தம் அறைக்கு வரச்சொன்னார். தாழ்வாரத்தில் நடக்கும்போது சுருட்டை அழுதான். இனி தொடவே மாட்டேன் என்று சத்தியம் செய்தான். நெட்டையும் மனம் இளகித்தான் போனான். ஆனால் அந்தச் சத்தியத்தின் வாலைப் பிடித்துக்கொண்டே அடுத்த பேச்சும் வந்தது.

"மச்சான், சாவிய நீதான் மறந்தேன்னு சொல்லிடுடா. அடிபட்டவன் நீ. உன்ன யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

நெட்டைக்கு உச்சந்தலைவரை கொதித்தது. எலும்பு உடைந்ததும் எனக்கு, பழியும் எனக்கா? அதைவிடக் கொடுமை, கேட்ட மாத்திரத்தில் அவன் நாக்கு அந்தப் பொய்க்கும் தயாராகிவிட்டது. சே, இது என்ன பிழைப்பு என்று தன்மேலேயே அவனுக்கு ஆத்திரம் வந்தது.

சாவியை விட்டது யார் என்று ஆசிரியர் கேட்டார். சுருட்டை வழக்கம்போல நெட்டையின் முகத்தைப் பார்த்தான்.

"அவன்தான் சார் விட்டான்," என்றான் நெட்டை. "ஆனா அந்த நிலமையில அவன மிஷின் முன்னாடி கொண்டுவந்து நிறுத்தினது நான். அது காய்ச்சல் இல்ல சார். ஒரு நாளும் காய்ச்சல் இல்ல."

சுருட்டையின் முகம் கறுத்தது. கூடவே இருந்து குழி பறித்துவிட்டதாகவும், நண்பன் என்று நம்பியது தன் தப்பு என்றும் பொரிந்து தள்ளினான்.

"நண்பன்னு சொல்லிக்கிட்டுத்தான்டா உன்ன இந்த நிலமைக்குக் கொண்டுவந்தேன்," என்றான் நெட்டை. குரல் உயரவில்லை. "நீ குடிக்கிற ஒவ்வொரு தடவையும் நான் தூக்கிட்டு வந்தேன், மூடி மறைச்சேன். நீயும் தைரியமா மறுபடி குடிச்ச. குடிக்கிறவனுக்காக கூட இருக்கறவன் சொல்ற பொய் அவனக் காப்பாத்தாதுடா. அவன் குடியத்தான் காப்பாத்தும். இனிமே என்னால முடியாது."

நேற்று குடி வாடை தமக்கும் அடித்தது என்று ஆசிரியர் மெல்லச் சொன்னார். விசாரணை, விளக்கம் என்று எதற்கு வம்பு என்று நினைத்து நகர்ந்துவிட்டாராம். நெட்டையின் கட்டுப்போட்ட தோளைப் பார்த்து, இதில் தமக்கும் பங்கு உண்டு என்றார்.

தண்டனையைக் கல்லூரி முடிவு செய்யட்டும், அதற்கு முன்னால் குடியை விட உதவும் ஆலோசகரை இன்றே பார்த்தாக வேண்டும் என்று சுருட்டையிடம் சொன்னார். ஆலோசகரின் அறை அடுத்த கதவுதான். சுருட்டை வாசலில் தயங்கி நின்று திரும்பிப் பார்த்தான். பழக்க தோஷத்தில் நெட்டையும் பாதி எழுந்துவிட்டான். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

என்ன பிரச்சினை என்று ஆலோசகர் கேட்பது திறந்திருந்த கதவு வழியாகக் கேட்டது. பதில் வரவில்லை. நெட்டையின் வாயில் பதில் முட்டிக்கொண்டு நின்றது. அவன் விழுங்கிக்கொண்டான்.

கடைசியில் சுருட்டையின் குரல் கேட்டது.

"குடிக்கிறேன் சார். என்னால நிறுத்த முடியல."

இதைச் சொல்ல அவனுக்கு வாய் இருந்திருக்கிறது. இத்தனை நாளும் அந்த வாயைப் பொத்திவைத்திருந்தது தான்தான் என்று நெட்டைக்கு அப்போதுதான் புரிந்தது.