ஏர்முனை ஆழம்

மாலைக் கதிரவன் மேற்றிசை மாடங்களின் கண்ணாடி முகங்களில் செம்பொற் குழம்பை வாரிப் பூசி மறைய, யாரா ஆறு கலங்கிய நீரைச் சுமந்து பாலங்களின் கீழ் ஒதுங்கி ஒதுங்கிக் கடல் நோக்கிச் செல்ல, மெல்போர்ன் மாநகரின் உயர்ந்த அவையொன்றில் வணிகரும் வழக்கறிஞரும் மண்ணின் முதற்குடியினரும் கூடியிருந்தனர்.

அறிவுடையீர், தம் நிலத்தடிப் பொன்னை அகழ முனைந்த சுரங்க நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்யவிருந்த அம்முதற்குடியினர், கனடாவின் கிரீ குடியில் தோன்றிய லொரெய்ன் வாபன் என்னும் பெண்மணியைத் துணைக்கு அழைத்திருந்தனர். சட்டங்கற்றுத் துறைபோய அவர், தம் முன்னோர் வெள்ளையரோடு செய்த உடன்படிக்கைகளை உலக மன்றுதோறும் எடுத்துரைத்தே தலைநரைத்தவர். நிறுவனத்தின்பொருட்டு அவ்வுடன்படிக்கையை வரைந்தவளோ, யாழ்ப்பாணத்தினின்று இளமையில் ஏதிலியாய் வந்து கல்வியால் உயர்ந்த மிருணாளினி.

வாபன் எழுந்தார். "எம் முன்னோர் ஏர்முனை இறங்கும் ஆழத்திற்கே மண்ணைப் பகிர்ந்தனர். எழுதியவனோ 'அனைத்தும்' என்று எழுதிக்கொண்டான். அச்சொல் இவ்வுடன்படிக்கையிலும் நிற்கின்றது. அதை நீக்கும்வரை ஒப்பமிடாதீர்கள்."

பட்டுக் கயிற்றால் கழுத்தை இறுக்குவாள்போல் மிருணாளினி மெல்லக் கூறினாள்: "அம்மையார் கற்றது அவர் நாட்டுச் சட்டம், இங்கு வழக்காடும் உரிமை அவருக்கில்லை. இன்று ஒப்பமில்லையேல் நாளை வழக்கு. இதுவரை ஒன்றிலேனும் நீங்கள் வென்றதுண்டா?"

அது பொய்யன்று; அதுவே அதன் கொடுமை. வழக்காடிய காலத்திலேயே உடன்பிறந்தார் இருவரை மண்ணுக்கீந்த முதற்குடித் தலைவி டெல்மா, வாபனை நோக்கிக் கூறினாள்:

"சகோதரி, நீங்கள் சொல்வது மெய். இன்னொரு வழக்கைத் தாங்க எங்களிடம் ஆளில்லை."

ஒப்பமிட்டாள். அவை கைதட்டி ஆர்த்தது. வாபன் மட்டும் மிருணாளினியின் அருகே வந்து, "நீங்கள் எந்நாட்டவர்?" என்றார்.

"இந்நாட்டவள்."

வாபன் வெளியேறினார்.

மாநகரின் புறத்தே கிரான்பர்னில் உள்ள தன் இல்லத்தில் உணவருந்துகையில், நடந்ததையெல்லாம் தந்தை அரியரத்தினத்திடம் மிருணாளினி கூறினாள்.

"என்ர வேலையைத்தானே அப்பா செய்தனான்?"

"ஓம் பிள்ளை. அங்க இலங்கையில எங்களோட செய்த ஒப்பந்தங்களைச் சிங்களத் தலைவர்மார் கிழிச்சுப்போட்டாங்கள். நீ கெட்டிக்காரி; கிழிக்கவே தேவையில்லாத ஒண்டை எழுதிப்போட்டாய்."

அவள் எழுந்து உண்ட கையைக் கழுவினாள். சில திங்களில் அந்நிலத்தில் அகழ்பொறிகள் இறங்கின; அவளும் பதவியில் உயர்ந்தாள். வாபனோ வேறொரு நாட்டில், வேறோர் அவையில், அதே சொற்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வலியார்முன் மெலியார் இடும் ஒப்பம் இசைவன்று, களைப்பே. அக்களைப்பை உடன்பாடென்று எழுதிக்கொள்வாரை ஒறுக்க எந்த மன்றும் இன்னும் எழவில்லை; எழுதித் தந்தாரும் இரவில் உறங்கவே செய்கின்றனர்.